பல்லிக்கு ஒரு நியாயம், சாமைக்கு ஒரு நியாயம்

கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று ஆலத்தூர் நாடு. நாமக்கல் மாவட்டம். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். அரசுக் கணக்கில் ஒரு கிராம ஊராட்சி. (நாடு என்றாலும் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள். காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்கும் வயிறு இருந்தால் போதும்.)

இந்த மலையில் பரிணாமம் இரண்டு விதமாக நடந்திருக்கிறது. ஒன்று, மனிதன் என்று ஒருவன் வருவதற்கு முன்பே தன்பாட்டில் நடந்தது. இன்னொன்று, மனிதர்கள் வருஷா வருஷம் கை வைத்ததால் நடந்தது. முதலாவதற்குச் சாட்சி ஒரு பல்லி. இரண்டாவதற்குச் சாட்சி சாமை.

இரண்டையும் காப்பாற்ற வேண்டும் என்று பேச்சு எழுந்தால், இரண்டுக்கும் ஒரே மருந்துச் சீட்டைத்தான் எழுதித் தருகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

முதலில் பல்லி.

வீட்டுச் சுவரில் உட்கார்ந்து சகுனம் சொல்லும் பல்லி இல்லை இது. ஒல்லியான உடம்பு, குட்டைக் கால்கள், ஆள்காட்டி விரலுக்குள் அடங்கிவிடும் உருவம். இரவில்தான் நடமாட்டம். அறிவியல் பெயர் ஹெமிஃபில்லோடாக்டைலஸ் கொல்லியென்சிஸ். (பல்லியைவிடப் பெயர் நீளம்.) இந்தப் பெயர் கிடைத்தது 2019-இல். இஷான் அகர்வால், அக்ஷய் கண்டேகர், வரத் கிரி, உமா ராமகிருஷ்ணன், பிரவீன் காரந்த் ஆகிய ஐவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் வைக்கப்பட்ட பெயர் அது.

அதுவரை பெயரே இல்லாமல் இல்லை. பக்கத்து மலைப் பெயரில் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. சென்னை மாகாண வனத்துறையில் இருந்த ரிச்சர்டு ஹென்றி பெடோம், 1870-இல் சேர்வராயன் மலையில் (அதாவது ஏற்காட்டில்) கிடைத்த ஒல்லிப் பல்லியை விவரித்து எழுதினார். அதன்பிறகு தென்னிந்திய மலைகளில் இந்தச் சாடையில் எது தென்பட்டாலும் "அதே ஆள்தான்" என்று பதிவேட்டில் ஏறியது. ஏறக்குறைய 150 ஆண்டுகள் இப்படியே ஓடின.

டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. அதே ஆள் இல்லை. தீபகற்ப இந்தியாவின் மலைகளில் மட்டும் ஒரு டசன் இனங்கள் அளவுக்குப் பிரிந்திருந்தன. அவற்றில் மூன்றுக்கு அந்த 2019 ஆய்விலேயே பெயர் வைத்தார்கள். ஒன்று கொல்லிமலை. இன்னொன்று ஆந்திரத்தின் அரக்கு. மூன்றாவது பெங்களூரு நகரத்துக்குள்ளேயே இருந்தது.

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் நேர்கோட்டில் பார்த்தால் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். நடுவில் சேலம், ராசிபுரம் பக்கத்துச் சமவெளி. பேருந்தில் போகிறவருக்கு அது அரைத் தூக்கம். பல்லிக்கு அது கடல்.

கொல்லிமலையின் மேல்தளம் பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். மேலே ஈரம், மரம், குளிர். கீழே சித்திரை வெயில். குளிர்ந்த உயரத்துக்குப் பழகிய ஒரு சின்ன உயிர், கொதிக்கும் சமவெளியைக் கடந்து அடுத்த மலைக்குப் போக முடியாது. இப்படிப்பட்ட மலைகளை உயிரியலாளர்கள் வான்தீவுகள் என்கிறார்கள்.

நடந்தது இதுதான். பழங்காலத்தில் தட்பவெப்பம் பலமுறை மாறியது. ஈரமும் குளிரும் நிறைந்த காலங்களில் காடு கீழேயும் பரவியது. உயிர்கள் மலைக்கு மலை போய் வந்தன. வறட்சி வந்ததும் காடு மேலே ஏறிக்கொண்டது. அதோடு சேர்ந்து ஏறிய பல்லிகள் மேலேயே மாட்டிக்கொண்டன. பிறகு கலப்பு இல்லை. ஒவ்வொரு மலையிலும் சின்னச் சின்ன மரபணு மாற்றங்கள் தனித்தனியாகச் சேர்ந்தன. சில அந்த மலைக்குத் தோதாக இருந்ததால் தங்கின. சில வெறும் தற்செயலாகத் தங்கின. பல லட்சம் ஆண்டுகள் போனதும் ஒரே குடும்பத்து வாரிசுகள் வெவ்வேறு இனங்களாகிவிட்டன.

இதில் ஏறுமுகம் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொல்லிமலைப் பல்லி, ஏற்காட்டுப் பல்லியைவிட முன்னேறியது அல்ல. தன் மலைக்குத் தகுந்தபடி இருக்கிறது, அவ்வளவுதான். பரிணாமம் என்றாலே முன்னேற்றம் என்பது, குரங்கு, கூன் விழுந்த மனிதன், நிமிர்ந்த மனிதன் என்று வரிசையாக நடந்துபோகும் அந்தப் பிரபலமான படம் பலரது மண்டையில் ஏற்றிவைத்த தப்பெண்ணம். பரிணாமத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஊர் என்று ஒன்று கிடையாது.

பல்லி மட்டும் தனி ஆள் இல்லை. கொல்லிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் போதமலையிலிருந்து 2013-இல் ஒரு பாம்பு அறிவியலுக்குப் புதிதாக அறிமுகமானது. பெயர் ரைனோஃபிஸ் கோவேரி. மண்ணுக்குள் புதைந்து வாழும், விஷமில்லாத கேடயவால் பாம்பு. பல்லியாவது சுவர் ஏறும். இதுவோ மண்ணைவிட்டு வெளியே வரவே யோசிக்கும். இப்படி நகரத் தயங்கும் உயிர்களில்தான் மலைக்கொரு இனம் உருவாவது அதிகம். பறந்து திரியும் பறவைகளில் குறைவு.

டார்வின் 1835-இல் கலாபகசுத் தீவுகளில் இறங்கி நடந்தார். தீவுக்குத் தீவு உயிர் மாறுவதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாமக்கல் மாவட்டமே போதும்.

இனி சாமை.

டார்வின் 1859-இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயம் கலாபகசைப் பற்றியது அல்ல. வீட்டு விலங்குகளையும் பயிர்களையும் பற்றியது. அவர் புறா வளர்த்தார். லண்டன் புறா வளர்ப்பாளர் சங்கங்களில் சேர்ந்து அவர்களுடன் உட்கார்ந்து பேசினார். மனிதன் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தே இத்தனை வகைப் புறாக்களை உண்டாக்க முடிகிறது என்றால், இயற்கை எவ்வளவு செய்திருக்கும் என்பதுதான் அவருடைய வாதத்தின் தொடக்கம்.

கொல்லிமலையில் புறாவின் இடத்தில் சாமையை வைத்துப் பார்க்கலாம்.

கட்டவெட்டி சாமை, திருகுலா சாமை, மல்லிய சாமை, பெருஞ்சாமை. இவையெல்லாம் அந்த மலையில் உழவர்கள் பெயர் சொல்லி அடையாளம் காணும் வகைகள். சில சீக்கிரம் முற்றும்; சில நிதானமாக முற்றும். சில கல்லாங்காட்டில் தாக்குப்பிடிக்கும். சில கொஞ்சம் நல்ல மண்ணைக் கேட்கும். தினையிலும் செந்தினை, பெருந்தினை, மூக்கன் தினை, கோரன் தினை என்று இருக்கின்றன. கேழ்வரகில் சுண்டாங்கிக் கேழ்வரகு முதலாகப் பல. எந்த ஆராய்ச்சி நிலையமும் இவற்றை வெளியிடவில்லை.

காட்டுப்புல்லுக்கும் பயிருக்கும் உள்ள முதல் வித்தியாசம், மணி உதிர்வது. காட்டுப்புல்லின் மணி முற்றியதும் கொட்டிவிட வேண்டும். அப்போதுதான் அதன் வம்சம் பரவும். உதிராமல் கதிரிலேயே நிற்கும் மணி காட்டில் தோற்றுப்போகும். மனிதன் அரிவாளோடு வந்ததும் ஆட்டத்தின் விதி தலைகீழானது. உதிர்ந்தது மண்ணோடு போயிற்று. உதிராமல் நின்றது வீட்டுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததில் ஒரு பங்கு அடுத்த வருஷம் விதையானது. யாரும் திட்டம் போடவில்லை. அறுவடையே தேர்வாகிவிட்டது.

அதற்கடுத்த தேர்வு தெரிந்தே செய்தது. திரண்ட கதிரைப் பார்த்துத் தனியே எடுத்து வைப்பது, சாம்பலோடு கலந்து பூச்சி அண்டாமல் பாதுகாப்பது, வகை கலந்துவிடாமல் பிரித்து வைப்பது, பக்கத்து ஊருக்கு ஒரு படி கொடுத்து வேறொரு வகையில் ஒரு படி வாங்கி வருவது. விதை பொறுக்கும் வேலை பெரும்பாலும் பெண்களிடம் இருந்தது. சாமை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர் என்பதால், பொறுக்கி வைத்த குணம் அடுத்த தலைமுறையிலும் ஏறக்குறைய அப்படியே வந்தது. எப்போதாவது நடக்கும் கலப்பும், எப்போதாவது வரும் மரபணு மாற்றமும் புதுச் சரக்கைக் கொண்டுவந்தன.

சாமை இந்தியாவிலேயே பயிரான புல். தினை வடசீனப் பக்கத்தில் பயிரானது. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்துக்காரர். எங்கெங்கிருந்தோ வந்தவை இந்த மலைக்கு ஏற்றபடி மாறிப்போயின. பல்லிக்குப் பல லட்சம் ஆண்டுகள் பிடித்த சமாசாரம், மனிதக் கை சேர்ந்ததும் சில ஆயிரம் ஆண்டுகளில் நடந்தது.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. 2018 ஜனவரியில் அன்றைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணை அமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கொள்கை தவறு, குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. 2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது தெரியவந்தபோது, 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'உயிரியின் தோற்றமும் பரிணாமமும்' என்று ஒரு முழுப் பாடமே இருக்கிறது. அந்த வகையில் கொல்லிமலைப் பிள்ளைகளுக்குப் பாதகம் இல்லை.

யாரும் பார்த்ததில்லை என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல அகாதமி வரை போகவும் தேவையில்லை. நான்கு சாமை வகைகளை வரிசையாகப் பரப்பி வைத்தால் போதும். பரிணாமம் என்பது தலைமுறை தலைமுறையாக நடக்கும் மாற்றம். ஒரு குரங்கு உட்கார்ந்த இடத்தில் மனிதனாவது பரிணாமம் அல்ல. அது அம்மன் படம்.

குரங்கு என்றதும் கொண்டை ஊசி வளைவுக் குரங்குகள் ஞாபகத்துக்கு வரும். சுற்றுலா வருகிறவர்கள் கார் கண்ணாடியை இறக்கிச் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டுவார்கள். குரங்கு சிப்ஸை மட்டுமா எடுக்கும்? கைப்பையையும் எடுக்கும். "குரங்கெல்லாம் பரிணாமம் அடைஞ்சிடுச்சுப்பா" என்று ஒரு சிரிப்பு. அது பரிணாமம் இல்லை, பழக்கம். தாய் செய்வதைப் பார்த்துக் குட்டி கற்றுக்கொள்கிறது. வாழ்நாளில் கற்றது மரபணுவில் ஏறுவதில்லை. நீட்டுவதை நிறுத்தினால் பறிப்பதும் படிப்படியாகக் குறையும். இங்கே திருந்த வேண்டியது எந்தக் குரங்கு என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

மலைக்குத் திரும்பினால், சாமைக் காடுகள் இருந்த இடங்களில் பல இன்று மரவள்ளிக் காடுகள். காரணம் எளிது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளும் ஸ்டார்ச் ஆலைகளும் கிழங்குக்குக் காசு தரும். சாமைக்கு அப்படியொரு சந்தை இல்லை. 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சாமையையோ, இயந்திரம் இல்லாத ஊரில் உரலில் போட்டு இடுப்பு ஒடியக் குத்தினால்தான் உமி போகும். அந்த வேலையும் பெண்கள் தலையில்தான். சாமையை விட்டது மக்களின் அலட்சியம் என்று கீழே இருந்துகொண்டு சொல்வது சுலபம். உலக்கை பிடித்த கை அப்படிச் சொல்லாது.

மரவள்ளி தென்னமெரிக்கப் பயிர். குச்சியை வெட்டிக் கரணையாக நட்டால் வளரும். விதை வேண்டாம். வசதிதான். ஆனால் குச்சியிலிருந்து வருவது தாய்ச்செடியின் அச்சு அசல் நகல். ஒரு காடு முழுக்க ஒரே செடி என்றுகூடச் சொல்லலாம். வேற்றுமை இல்லாத இடத்தில் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. ஒரு செடியை வீழ்த்தத் தெரிந்த பூச்சிக்குக் காடு முழுவதும் விருந்து.

விருந்தாளியும் வந்தது. மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சீக்கிரமே சேலம், நாமக்கல் மரவள்ளி வயல்களையும் சுருட்டியது. இதுவும் தென்னமெரிக்கப் பூச்சி. ஆணே இல்லாமல் பெண்ணே பெண்ணைப் பெற்றுப் பெருகும். நகல் பயிரைத் தின்ன நகல் பூச்சி! மருந்து அடித்தாலும் மாவுப் போர்வைக்குள் ஒளிந்துகொள்ளும்.

தீர்வு பரிணாமப் பாடத்திலிருந்துதான் கிடைத்தது. ஒரு பூச்சி அதன் சொந்த மண்ணில் கட்டுக்குள் இருக்கிறது என்றால், அங்கே அதனோடு சேர்ந்தே பரிணமித்த எதிரி இருக்க வேண்டும். 1970-களில் இதே பூச்சி ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்தபோது, ஆராய்ச்சியாளர்கள் தென்னமெரிக்கா போய்த் தேடினார்கள். 1981-இல் பராகுவேயில் எதிரி அகப்பட்டது. அனகைரஸ் லோபெசி என்ற பொடிக் குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளேயிருந்தே தின்று முடிக்கும். அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021-இல் அந்தக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்தது. 2022-இல் தமிழ்நாட்டு மரவள்ளி வயல்களில் விட்டார்கள்.

குளவி காப்பாற்றும்தான். ஆனால் அது வெளியிலிருந்து வந்த உதவி. சாமைக் காட்டில் அந்தக் காப்பு உள்ளேயே இருந்தது. ஒரு வகை விழுந்தால் இன்னொரு வகை நிற்கும். மழை தவறிய வருஷம் ஒன்று கைகொடுக்கும்; பெய்து கெடுத்த வருஷம் இன்னொன்று.

இதைப் புரிந்துகொண்டு செயலில் இறங்கியது எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1988-இல் சென்னையில் தொடங்கிய அந்த நிறுவனம், 1990-களின் நடுவிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்தது. விதைகளைச் சேகரித்ததோடு நிற்காமல், உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டுவந்தது. மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தின. சாமை அரிசி, கேழ்வரகு மாவு என்று பாக்கெட் போட்டு விற்கவும் வழி செய்தது. பாரம்பரியத்தின் பெருமையைப் பற்றி நூறு கூட்டம் போடுவதைவிட, உலக்கையைக் கீழே வைக்கச் செய்த அந்த இயந்திரம் சாமைக்குச் செய்தது அதிகம்.

விதை வங்கியில் வைத்துவிட்டால் போதாதா என்ற கேள்வி எழும். அதுவும் வேண்டும். ரஷ்ய அறிவியலாளர் வவிலோவ் உலகம் சுற்றிப் பயிர் விதைகளைச் சேர்த்து வைத்த வேலையில்தான் இன்றைய விதை வங்கிகள் எல்லாம் நிற்கின்றன. (பரிணாமத்தையும் மரபியலையும் அரசியல் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அவரே சாட்சி. ஸ்டாலின் அரசு சிறையில் தள்ளியது. 1943-இல் சிறையிலேயே இறந்தார்.) ஆனால் குளிரறையில் இருக்கும் விதை உறங்குகிறது. வெளியே மழை மாறுகிறது, பூச்சி மாறுகிறது, வெப்பம் ஏறுகிறது. உள்ளே இருக்கும் சாமைக்கு இது எதுவும் தெரியாது. ஐம்பது வருஷம் கழித்து எடுத்து நட்டால், ஐம்பது வருஷப் பாடத்தைத் தவறவிட்ட மாணவனாக அது வெளியே வரும். மண்ணில் விதைத்தால்தான் சாமை தொடர்ந்து மாறும்.

பல்லிக்கு இதெல்லாம் வேண்டாம். யாரும் வளர்க்க வேண்டாம், பொறுக்க வேண்டாம், பாக்கெட் போட வேண்டாம். அதன் மரமும் நிழலும் ஈரமும் இருந்த இடத்தில் இருந்தால் போதும். அதைக் கெடுக்கத்தான் வழிகள் நிறைய. கொல்லிமலையின் மேல்தளத்தில் பாக்சைட் இருக்கிறது. ஏற்காட்டிலும் இங்கும் அதை வெட்டி எடுத்த காலம் உண்டு. பாக்சைட் கிடைக்கும் உயரமும் இந்த உயிர்கள் வாழும் உயரமும் ஒன்றுதான். அதோடு, மேலே விடுதி, பார்வை மாடம், அகலச் சாலை என்று ஒவ்வொன்றாக வரும்போது காடு துண்டு துண்டாகும். வெப்பம் ஏறினால் கீழ்மலை உயிர்கள் மேலே ஏறலாம். ஏற்கெனவே உச்சியில் இருப்பதற்கு ஏற இடமில்லை. ஒரு மலையில் மட்டுமே வாழும் இனம் அந்த மலையில் அழிந்தால், உலகத்திலிருந்தே அழிந்தது என்று கணக்கு.

ஆக, நியாயம் இரண்டு. பல்லியைத் தொடாமல் விட வேண்டும்; சாமையை விடாமல் தொட வேண்டும். காட்டுக்கு வேலி நல்லது. சாமைக்கு வேலி போட்டுப் பாதுகாத்தால் அது அருங்காட்சியகப் பொருளாகும். சாமைக்குச் சந்தை நல்லது. பல்லியைச் சந்தைப்படுத்தினால் காட்டுக்குள் ஜீப் வரும்.

சட்டத்தில் இரண்டுக்கும் வழி இருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், உழவர் தன் விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள உரிமை தருகிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம், ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு பன்மய மேலாண்மைக் குழு அமைத்து, தன் எல்லைக்குள் இருக்கும் உயிர்களுக்கு மக்கள் பதிவேடு தயாரிக்க வேண்டும் என்கிறது. ஆலத்தூர் நாடு போன்ற ஊராட்சிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அப்படி ஒரு பதிவேட்டில் பல்லியும் சாமையும் அடுத்தடுத்த பக்கங்களில் இடம்பெறலாம். ஆனால் எதிரே உள்ள கட்டத்தில் ஒரே குறிப்பை இரண்டுக்கும் எழுதக் கூடாது. முதல் பக்கத்தில் எழுத வேண்டியது, இந்த மரங்களை வெட்டாதே. இரண்டாம் பக்கத்தில் எழுத வேண்டியது, இந்த விதையை இந்த வருஷமும் விதை. விதைத்தவருக்கு நல்ல விலை கொடு.